சில்வர் யாருடைய ஆள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால உளவு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரையையும், அதைத் தொடர்ந்து இதே கடிதப் பகுதியில் நடந்துவரும் சண்டையையும் படித்தேன். ‘கம்யூனிஸ்டுகள் அன்றைக்கே வெள்ளைக்காரனின் ஒற்றர்கள்’ என்கிறது ஒரு தரப்பு. ‘பகத்ராம் தல்வார் பாசிசத்தை ஏமாற்றிய மாவீரர்’ என்கிறது இன்னொரு தரப்பு. போர்க்காலத்தில் ‘சில்வர்’ என்ற ரகசியப் பெயரில் இயங்கிய இரட்டை உளவாளி இவர். இரண்டுமே கட்டுரையில் இருந்த ஒரே பிழையிலிருந்து கிளம்பியவை. ஒரு கட்சி வெளிப்படையாக எடுத்த அரசியல் நிலை, அந்தக் கட்சி அரசோடு வைத்திருந்த தொடர்பு, உளவுத்துறை ஆள் வைத்து நடத்திய ரகசிய வேலை ஆகிய மூன்றையும் கட்டுரையாளர் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். மூன்றுக்கும் ஆவணங்கள் வேறு வேறு அலமாரிகளில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிரூபிக்க முடியாது.

முதலில் தேதிகள். கட்டுரையில் 1941, 1942 இரண்டும் முன்பின்னாகக் கிடப்பதால்தான் பாதிக் குழப்பம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1934 ஜூலையிலிருந்தே தடைசெய்யப்பட்ட கட்சி. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. செப்டம்பரில் போர் தொடங்கியதும் ‘இது ஏகாதிபத்திய யுத்தம்’ என்று கட்சி அறிவித்தது. அப்படிச் சொன்னதற்காகப் பலர் ராஜபுதனத்தில் இருந்த தேவளி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சென்னையில் பி. ராமமூர்த்தி, மோகன் குமாரமங்கலம் உள்ளிட்டவர்கள் மீது சதி வழக்கு நடந்தது. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மேல் படையெடுத்தது. மறுநாளே கட்சி குட்டிக்கரணம் போட்டதுபோல் கட்டுரை எழுதுகிறது. உண்மையில் ஆறு மாதம் இழுபறி நடந்தது. முகாமுக்குள் இருந்தவர்கள் ஒரு பக்கமும் வெளியே தலைமறைவாக இருந்தவர்கள் இன்னொரு பக்கமும் வாதாடி, போரை ஆதரிக்கும் ‘மக்கள் யுத்தம்’ என்ற நிலைக்குக் கட்சி வந்து சேர்ந்தது டிசம்பரில். தடை நீங்கியது 1942 ஜூலையில். அடுத்த மாதம் 9ஆம் தேதி காங்கிரஸ் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். பகத்ராம் அச்சு நாடுகளோடு (ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் கூட்டணி) பழகத் தொடங்கியது இந்த வரிசையின் முதல் பாதியில். மாஸ்கோ சொன்னபடி நடந்தது இரண்டாம் பாதியில். தேதியை எடுத்துவிட்டால் அவர் வெறும் பச்சோந்தியாகத் தெரிவார்.

அரசோடு கட்சிக்குத் தொடர்பு இருந்ததா என்றால், இருந்தது. பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷிக்கும் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் மாக்ஸ்வெல்லுக்கும் இடையே எழுத்துப் போக்குவரத்து நடந்தது ஆவணத்தில் உள்ள செய்தி. 1944இல் காந்தியே ஜோஷிக்கு நேரடியாகக் கேள்விகள் எழுதினார்: ‘மக்கள் யுத்தம்’ என்பதில் மக்கள் யார், கட்சியின் வரவு செலவை வெளியாள் பார்க்கலாமா என்றெல்லாம். அந்தக் கடிதங்கள் மறு ஆண்டே அச்சில் வந்துவிட்டன. போருக்கு ஆதரவாக அரசுப் பணம் கை மாறியதற்கு ஆவணம் வேண்டுமென்றால் அது எம்.என். ராய் பக்கம் கிடைக்கும். அவருடைய இந்தியன் ஃபெடரேஷன் ஆஃப் லேபர் அமைப்புக்குப் போர்ப் பிரச்சாரத்துக்காக அரசு மாதம் 13,000 ரூபாய் கொடுத்தது. ராய் அப்போது கம்யூனிஸ்ட் கட்சியோடு எலியும் பூனையுமாக இருந்தவர். கட்டுரை இந்த இரண்டையும் ‘இடதுசாரிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1943 மார்ச் 29 அன்று கட்சியைச் சேர்ந்த கையூர் (இன்றைய கேரளம்) விவசாயிகள் நான்கு பேர் கண்ணூர் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது, கட்சி மீதான தடை நீங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. தடையை நீக்கிய அரசு கண்காணிப்பை நீக்கவில்லை. கட்சி ஆட்களின் தபாலைப் பிரித்துப் படிப்பது போர் முழுக்க நடந்தது.

இதுவரை சொன்னது அரசியல். இதில் உளவு வேலை எதுவும் இல்லை. இனி பகத்ராம்.

வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் மர்தான் பக்கம் கல்லா தேர் என்ற ஊர்க்காரர். அவருடைய சகோதரர் ஹரிகிஷன், 1930 டிசம்பர் 23 அன்று லாகூரில் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பஞ்சாப் ஆளுநர் டி மான்ட்மொரன்சியைச் சுட்டு, அடுத்த ஆண்டு ஜூனில் தூக்கிலிடப்பட்டவர். ஆகவே குடும்பத்தின் பெயரே போலீஸ் கோப்பில் இருந்தது. பகத்ராம் சேர்ந்தது கீர்த்தி கிசான் கட்சி. பஞ்சாபின் ‘கத்தர்’ (Ghadar) புரட்சி இயக்க மரபிலிருந்து வந்த, கம்யூனிஸ்டுகளோடு நெருக்கமான, ஆனால் தனக்கென்று ஒரு சரித்திரம் உள்ள அமைப்பு. கட்டுரை அவரை ‘கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பிய ஆள்’ என்கிறது. 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸை எல்லை தாண்டி அழைத்துப்போன வேலை கீர்த்திக்காரர்களும் பெஷாவரில் ஃபார்வர்டு பிளாக்கின் மியான் அக்பர் ஷாவும் சேர்ந்து ஏற்பாடு செய்தது.

போஸ் ஜனவரி 16 இரவு கல்கத்தா எல்கின் சாலை வீட்டை விட்டுக் கிளம்பி, கோமோவில் ரயிலேறி, டெல்லி வழியாக பெஷாவர் போனார். அங்கிருந்து ‘ரஹ்மத் கான்’ என்ற பெயரில் பகத்ராமும், வாய் பேசாத, காது கேளாத உறவினராக போஸும் காபூலுக்குப் போனார்கள். போஸுக்குப் பஷ்து தெரியாது. அதனால்தான் ஊமை வேடம். முதலில் தட்டியது சோவியத் தூதரகக் கதவை. அது திறக்கவில்லை. பிறகுதான் ஜெர்மானியர், அதன்பின் இத்தாலியத் தூதர் பியட்ரோ குவரோனி. கடைசியில் ‘ஆர்லாண்டோ மஸோட்டா’ என்ற இத்தாலியப் பாஸ்போர்ட்டில் மார்ச் 18 அன்று காபூலை விட்டு, மாஸ்கோ வழியாக ஏப்ரல் 2 அன்று பெர்லின் சேர்ந்தார். கதவைத் திறக்காத சோவியத், தன் மண் வழியே போக விசா மட்டும் கொடுத்தது. ஒப்பந்தம் நடப்பில் இருந்த காலம், அதனால் கொடுத்தது. அதே மார்ச்சில் பிரிட்டனின் ரகசிய நாசவேலை அமைப்பான எஸ்.ஓ.இ., மத்தியக் கிழக்கு வழியாக போஸ் வந்தால் வழியிலேயே கொன்றுவிடும்படி தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தது. காபூல் இத்தாலியர்களின் ரகசியத் தந்தியைப் பிரிட்டிஷார் பிரித்துப் படித்ததால் தெரியவந்த பயணம் அது. அவர் போனது மாஸ்கோ வழி. அந்த உத்தரவு வீணாயிற்று.

போஸ் போனபின் குவரோனிக்கும் ஜெர்மானியருக்கும் இந்தியாவில் எஞ்சிய ஒரே கம்பி பகத்ராம்தான். அவர் காபூலுக்கு வந்தால் பணம் கொடுத்தார்கள், கேள்விப் பட்டியல் கொடுத்தார்கள். ஜூன் 22க்குப் பிறகு அவரும் கீர்த்திக்காரர்களும் இந்த உறவைச் சோவியத் பக்கம் ஒப்படைத்தார்கள். 1942 முடியும் தறுவாயில் மாஸ்கோ, தன் கூட்டாளியான லண்டனோடு இந்த ஆளைப் பங்கிட்டுக்கொண்டது. டெல்லியில் இருந்த பீட்டர் ஃப்ளெமிங் அவருக்கு வைத்த பெயர்தான் ‘சில்வர்’. ஜேம்ஸ் பாண்டை எழுதிய இயான் ஃப்ளெமிங்கின் அண்ணன் இவர். 1942இல் தலைமைத் தளபதி வேவல் இவரை எதிரியை ஏமாற்றும் வேலைக்கென்றே டெல்லிக்கு வரவழைத்தார். அந்தப் பிரிவுதான் பிற்பாடு ‘டி டிவிஷன்’.

‘ஐந்து நாடுகளுக்கு உளவு பார்த்தவர்’ என்பது தலைப்புக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒரு இரட்டை உளவாளியை எடைபோட மூன்று கேள்விகள் போதும். காசு யார் கொடுத்தார்கள்? அனுப்பிய செய்தியை யார் எழுதினார்கள்? சங்கேதச் சாவி யார் கையில் இருந்தது? இத்தாலியும் ஜெர்மனியும் காசு கொடுத்தன. ஜெர்மனி இரும்புச் சிலுவை விருதுகூடக் கொடுத்தது. செய்தியை எழுதியது முதலில் கீர்த்திக்காரர்களும் பகத்ராமும், பிறகு மாஸ்கோவின் ஒப்புதலோடு டெல்லி. ஜப்பானியருக்கு அந்தச் சரக்கு ஜெர்மானியர் கை மாறியும் போனது. இப்படிப் பிரித்தால் ஐந்து எஜமானர் என்ற கணக்கு சுருங்கி, ஏமாந்த பக்கம் ஒன்று, ஏமாற்றிய பக்கம் ஒன்று என்று ஆகிவிடும். ஏமாற்றிய பக்கத்தில் முதல் உரிமை மாஸ்கோவுடையது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் விடையாக வராது. என் முழு ஆட்சேபணையும் இந்த இடத்தில்தான்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கட்டுரை இரண்டு வரியில் தாண்டிவிட்டது. பகத்ராம் போர் முடிவதற்குள் பன்னிரண்டு முறை காபூல் போய்வந்தார்; எல்லைப்புறத்தில் பெரும்பகுதி நடைதான். ஜெர்மானியரிடம் அவர் விற்றது, இந்தியா முழுக்கக் கிளை பரப்பியதாகச் சொல்லப்பட்ட, ஆனால் இல்லவே இல்லாத ஒரு புரட்சிக் குழுவை. இந்த மாதிரிக் கற்பனை ஆட்களை வைத்துப் பிழைப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு பொய் ஆளுக்கும் பெயர், ஊர், வேலை, உடம்புக்கு வந்த நோய் வரை தனிப் பதிவேடு வைப்பார்கள். போன மாதம் லாகூரில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர் இந்த மாதம் கராச்சித் துறைமுகத்தில் கப்பல் எண்ணக் கூடாது. எண்ணினால் ஏன் மாற்றலானார் என்று முதல் செய்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும். கற்பனை ஆளால் வரும் வசதி, விபரீதமாகப் போனால் அவரைக் ‘கைது’ செய்துவிடலாம். செலவு ஒரு தாள்.

பொய் மட்டும் அனுப்பினால் இரண்டு மாதத்தில் குட்டு உடையும். உண்மைச் சரக்கை முதலில் தீனியாகப் போடவேண்டும். எதிரி வேறு வழியில் சரிபார்க்கக்கூடியது, ஆனால் தெரிந்தாலும் நமக்குச் சேதம் இல்லாதது. ஊரே பார்த்த ராணுவ அணிவகுப்பு, பத்திரிகையில் வந்த நியமனம், உண்மையான தகவலே ஆனால் எதிரிக்குப் பயன்படும் நேரம் கடந்தபின் போய்ச் சேரும்படி அனுப்பியது. ஒவ்வொரு தீனிக்கும் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் அனுமதி வேண்டும். ‘இந்தத் தகவலைக் கொடுக்கலாம்’ என்று கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் மனம் வராது. கோப்பு மேசை மேசையாக உட்காரும். இரட்டை உளவாளி வேலையில் தாமதத்துக்கு முதல் காரணம் எதிரியல்ல, இந்த அனுமதி. மத்தியச் செயலகத்தில் தலைமுறை தலைமுறையாக நோட்டிங் எழுதிய டெல்லித் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மானியர் பகத்ராமுக்கு வயர்லெஸ் பயிற்சியும் டிரான்ஸ்மிட்டரும் கொடுத்தபின் வேலை டெல்லிக்கு நகர்ந்தது. இங்கிருந்து காபூல் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குச் சிற்றலையில் சில வாட் சக்தியே போதும். ஆனால் பகலுக்கு ஒரு அலைவரிசை, இரவுக்கு அதைவிடக் குறைந்த ஒன்று வேண்டும். இரவிலும் பகல் அலைவரிசையிலேயே தட்டினால் சத்தம் காபூலுக்கு மேலே தாண்டிப் போய்விடும். அதைவிட முக்கியம் தட்டும் கை. மோர்ஸ் தட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. கேட்டுப் பழகிய ஆபரேட்டர், ஆள் மாறினால் சில நிமிடங்களில் கண்டுபிடிப்பார். ஆகவே தொடக்கத்தில் எந்தக் கை பதிவாகிறதோ அதே கைதான் கடைசி வரை தட்ட வேண்டும். அடுத்தது, செய்திக்குள் புதைத்து அனுப்பும் பாதுகாப்பு அடையாளம். ஆபரேட்டர் பிடிபட்டுக் கட்டாயத்தில் தட்டினால் அதை விட்டுவிடுவார். மறுமுனை புரிந்துகொள்ள வேண்டும். ஹாலந்தில் 1942இல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட லாவர்ஸ் என்ற எஸ்.ஓ.இ. ஆபரேட்டர் அப்படித்தான் விட்டார். லண்டனில் இருந்தவர்கள் கவனக்குறைவு என்று நினைத்து மேலும் மேலும் ஆட்களை இறக்கினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நேரே ஜெர்மன் கையில் விழுந்தார்கள். எச்சரிக்கை இருந்தும் ஏன் பார்க்கவில்லை என்றால், தன் ஆள் பிடிபட்டான் என்று ஒப்புக்கொண்டால் அந்த அதிகாரியின் பிரிவுக்கே வேலை இல்லை. காபூலில் இருந்த ஜெர்மன் அதிகாரிகளும் பகத்ராம் விஷயத்தில் இதே நிலையில் இருந்தார்கள். இந்தியாவுக்குள் அவர்களுக்கு வேறு ஆள் கிடையாது. அவரைச் சந்தேகித்தால் பெர்லினுக்கு அனுப்ப அறிக்கையே இருக்காது.

நாம் அனுப்பும் பொய் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துகொள்ளும் வழி, எதிரியின் உள் தந்திகளைப் படிப்பது. ஜெர்மன் ராணுவ உளவுத்துறையான அப்வேர் கையால் எழுதிய சங்கேதங்களைப் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க் 1940 டிசம்பரிலும், அவர்களுடைய எனிக்மா இயந்திரச் சங்கேதத்தை ஓராண்டு கழித்தும் உடைத்தது. டெல்லியில் இதே மாதிரி வேலை, முக்கியமாக ஜப்பானிய ராணுவச் செய்திகள் மீது, நடந்த இடம் கரோல்பாக் தமிழர்கள் அன்றாடம் பார்க்கும் ஆனந்த் பர்பத் குன்று. அங்கே ராம்ஜஸ் கல்லூரிக் கட்டடத்தில் வயர்லெஸ் எக்ஸ்பெரிமென்டல் சென்டர் இருந்தது. பாரக்பூரிலும் பெங்களூரிலும் துணை மையங்கள். 1943 ஏப்ரலில் ஜப்பானிய ராணுவக் கப்பல் போக்குவரத்துச் சங்கேதம் இங்கேயும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலும் உடைந்தது. இவ்வளவு நடந்த குன்றில் அடையாளமாக ஒரு பலகைகூட நகராட்சிக்குத் தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, சில்வரால் போர் எவ்வளவு மாறியது? கட்டுரை ‘ஜப்பானைத் திசைதிருப்பினார்’ என்று முடிக்கிறது. அப்படி அடித்துச் சொல்ல முடியாததற்கு இரண்டு காரணங்கள். ஏமாற்றுக்கு மறுமுனையில் நிதானமாகப் படித்து, கூட்டிக் கழித்து, தளபதிக்கு எடுத்துச் சொல்லும் திறமையான உளவுப் பிரிவு வேண்டும். ஜெர்மானியரிடம் அது இருந்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியத் தளபதிகள் உளவு அறிக்கையைப் பொருட்படுத்தாமல் முடிவெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள். நுணுக்கமாகப் பின்னிய பொய் அவர்களிடம் போய் வீணாகிவிடும். ஃப்ளெமிங்கின் ஓயாத புலம்பல் இது. இரண்டாவது, மறைக்க ஒரு உண்மைத் திட்டம் இருந்தால்தான் பொய்த் திட்டம் வகுக்க முடியும். நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையின் (படைத் தலைமையின்) திட்டங்கள், தரையிறங்கும் கப்பல்கள் ஐரோப்பாவுக்குப் போய்விட்டதால், மாதத்துக்கு ஒன்றாக ரத்தாயின. நேற்று ‘பொய்’ என்று அனுப்பியது நாளை உண்மைத் திட்டமாகிவிடும் அபாயம். இதற்கு நடுவில் சில்வரின் உறுதியான பலன் ஒன்று உண்டு: இந்தியாவுக்குள் தனக்கு ஒரு வலை இருக்கிறது என்று ஜெர்மனி நம்பிக்கொண்டிருந்த வரை வேறு வலை விரிக்க முனையவில்லை.

ஆள் பிடிபடும்போது எல்லாருக்கும் சில்வரின் யோகம் வாய்க்கவில்லை. பினாங்கில் பயிற்சி பெற்று 1942 செப்டம்பரில் நீர்மூழ்கியில் மலபார்க் கரை இறங்கியவர்களில் ஒருவரான வக்கம் காதரும், அவரோடு தண்டனை பெற்ற அனந்தன், சத்யேந்திர பர்தன், ஃபவுஜா சிங் ஆகியோரும் எதிரி உளவாளிகள் என்று தீர்ப்பாகி 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே காலத்தில் ஜப்பானியரிடம் பயிற்சி பெற்று வந்த வேறு சிலர், கொண்டுவந்த வயர்லெஸ் கருவியிலேயே டி டிவிஷன் எழுதிக்கொடுத்ததைத் தட்டினார்கள்.

கட்சி உறுப்பினர்களை உளவுக்குப் பயன்படுத்துவது பற்றிக் கட்டுரை சொல்வதும் தலைகீழ். தலைமறைவுக் கட்சியிடம் உளவுத்துறைக்கு வேண்டியதெல்லாம் இருக்கும்: டென் (ஒளிவிடம்), கூரியர், சைக்ளோஸ்டைல், அடி வாங்கினாலும் வாய் திறக்காத ஆட்கள். ஆனால் அந்த ஆட்கள் அத்தனை பேரின் கைரேகையும் ஏற்கனவே போலீஸிடம் இருக்கும். ஆகவே சோவியத் உளவுத்துறையின் விதி, ஆளைச் சேர்த்த அன்றே கட்சியிலிருந்து விலக்கு என்பது. விதி மீறிய இடத்தில்தான் வலை அறுந்தது. டோக்கியோவில் சோவியத் உளவாளி ரிச்சர்ட் சோர்கேயின் குழு 1941 அக்டோபரில் மாட்டியது வயர்லெஸ்ஸால் அல்ல. பழைய கம்யூனிஸ்டுகளை விசாரித்துக்கொண்டு போன ஜப்பானியப் போலீஸ், அமெரிக்காவில் கட்சியில் இருந்து திரும்பிய ஒரு பெண்ணின் வழியாக ஓவியர் மியாகியை எட்டியது. அங்கிருந்து பத்திரிகையாளர் ஒஸாகி, அங்கிருந்து சோர்கே. லண்டனில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசிய அமைப்பாளர் டக்ளஸ் ஸ்பிரிங்ஹால் தானே நேரில் ரகசியம் சேகரிக்கப் போய் 1943இல் ஏழாண்டு சிறை பெற்றார். கட்சி அவரை உடனே வெளியேற்றியது. அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே அந்தக் கட்சியின் தலைமையகத்தில் பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 ஒட்டுக்கேட்பு மைக் வைத்திருந்தது.

கட்சித் தலைமையே உளவாளியாக இருந்த சம்பவம் வேண்டுமென்றால் அது மலாயாவில் நடந்தது. கட்டுரையில் அதைக் காணோம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் லாய் டெக், சிங்கப்பூர் பிரிட்டிஷ் ஸ்பெஷல் பிராஞ்சின் (போலீஸ் உளவுப் பிரிவின்) ஆள். 1942இல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் பிடித்ததும் அவர்களுக்கும் ஆளானார். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று பத்து மலையில் கூடிய கட்சி மற்றும் கொரில்லாத் தலைவர்களை ஜப்பானியர் சுற்றி வளைத்துக் கொன்றார்கள். லாய் டெக் ‘வழியில் கார் பழுதாகி’ வரவில்லை. பத்து மலை என்றால் நமக்கு முருகன்தான் நினைவுக்கு வருவார். மலேசியத் தமிழர்களில் வயதானவர்களுக்கு இதுவும் நினைவிருக்கும். இத்தனைக்கும் அதே கட்சியின் காட்டுப் படையோடுதான் பிரிட்டனின் 136ஆம் படை (எஸ்.ஓ.இ.யின் தூரகிழக்குப் பிரிவு) 1943 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. கட்சித் தரப்பில் அமர்ந்தவர் லாய் டெக். அவர் குட்டு 1947 மார்ச்சில் வெளிப்பட்டதும் கட்சிப் பணத்தோடு மறைந்தார். இந்தியக் கட்சியில் இதற்கு நிகரான ஒருவர் இருந்தார் என்று சொல்ல விரும்புகிறவர்கள், லாய் டெக் விஷயத்தில் இருப்பது போன்ற சாட்சியம் கொண்டுவர வேண்டும்.

அத்தகைய சாட்சியம் எங்கே கிடைக்கும், எப்படிப் படிப்பது? ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறை அரசியல் பிரிவுக் கோப்புகள் இருக்கின்றன. மாகாணங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அனுப்பிய அறிக்கைகள் 18 என்ற வரிசையில் வரும்: 18/8/42 என்றால் 1942 ஆகஸ்ட். கோப்பில் கடிதங்கள் ஒரு பக்கம், அதிகாரிகளின் குறிப்புகள் இன்னொரு பக்கம். கடிதத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். ‘இவர் பணம் கேட்கத்தான் இப்படி எழுதுகிறார், நம்ப வேண்டாம்’ என்று மேலதிகாரி எழுதியது குறிப்புப் பக்கத்தில் கிடக்கும். கே.டபிள்யூ. (‘கீப் வித்’) என்று ஒட்டியிருக்கும் இணைப்புக் கோப்பையும் தனியாகக் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் வராது. ‘என்.டி.’ (நாட் டிரான்ஸ்ஃபர்டு) என்று சீட்டு திரும்பி வந்தால் கோப்பு காப்பகத்துக்கு மாற்றப்படவில்லை என்று பொருள், அழிந்துவிட்டது என்று அல்ல. அப்போது அதே விஷயத்தின் லண்டன் நகலைத் தேடலாம். இந்திய அரசியல் உளவு அலுவலகத்தின் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் எல்/பி.ஜே./12 வரிசையிலும், எம்.ஐ.5இன் தனிநபர் கோப்புகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் கே.வி. 2 வரிசையிலும், எஸ்.ஓ.இ.யின் தூரகிழக்குக் கோப்புகள் எச்.எஸ். 1 வரிசையிலும் உள்ளன. டெல்லியில் ‘என்.டி.’ ஆனது லண்டனில் முழுசாகக் கிடைப்பது உண்டு.

கட்டுரையில் மேற்கோள் காட்டிய ஒரு வரியைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். ஒரு கோப்பில் ‘மோஸ்ட் சீக்ரெட் சோர்ஸ்’ என்று வருவதைக் கட்சித் தலைமைக்குள் இருந்த ஒற்றர் என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். போர்க்காலப் பிரிட்டிஷ் கோப்புகளில் அது பெரும்பாலும் மனிதரைக் குறிப்பதல்ல. உடைக்கப்பட்ட எதிரிச் சங்கேதத்தைக் குறிப்பது. சங்கேதம் உடைந்தது வெளியே தெரியக்கூடாது என்பதால், ஆள் சொன்னதுபோல் எழுதுவார்கள். சரிபார்க்க எளிய வழி: தகவலில் உள்ள விவரம் கட்சி ஆள் ஒருவருக்குத் தெரிந்திருக்க முடியுமா, அல்லது காபூல், பெர்லின், ரோம் தந்தியில் மட்டும் இருக்கக்கூடியதா என்று பாருங்கள். கட்டுரை காட்டும் வரி, காபூல் இத்தாலியத் தூதரகத்துக்கு உள்ளே நடந்ததைச் சொல்கிறது. பம்பாய் கட்சி அலுவலகத்தில் இருந்த எந்த ஒற்றருக்கும் அது தெரிந்திருக்காது. இந்த ஒரு வரியின் மீதுதான் கட்டுரையின் ‘துரோகம்’ என்ற துணைத்தலைப்பு நிற்கிறது.

உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி.யின் சொந்தக் கோப்புகள் காப்பகத்துக்கு வந்தால் இந்த விவாதத்தில் பல முடிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இரண்டாம் அட்டவணையில் முதல் பெயராகவே அதை விலக்கி வைத்திருக்கிறது. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டப்படி, ரகசிய முத்திரை நீங்கிய, 25 ஆண்டு கடந்த கோப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்ப வழி உண்டு. முத்திரையை நீக்க வேண்டியதும் அதே துறைதான்.

தாங்கள் செய்யக்கூடியது இரண்டு. தடை நீங்கிய ஆண்டு 1941 என்று அச்சானதை 1942 ஜூலை என்று திருத்தி வெளியிடுங்கள். கட்டுரையாளரிடம் அந்த ‘மோஸ்ட் சீக்ரெட் சோர்ஸ்’ வரியின் கோப்பு எண்ணையும் பக்க எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். டெல்லியில் இருக்கும் வாசகர்கள் யாரும் ஜன்பத் போய், படிப்பறையில் சீட்டு எழுதிக் கொடுத்து, அதே பக்கத்தையும் எதிர்ப்பக்கத்துக் குறிப்பையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மயூர் விஹார், டெல்லி